ட்வார்ஃப் ஏன் மெதுவாக நடக்க வேண்டும்?

தோழர்களே, இந்த முறை ஒரு விளையாட்டின் விதியைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் மிகச் சின்ன விதி. ஒரு கதாபாத்திரம் தன் முறை வரும்போது எத்தனை கட்டம் நகரலாம் என்பதுதான் விஷயம். ஊரில் இவ்வளவு நடக்கும்போது இவருக்கு விளையாட்டு கேட்கிறதா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளித்துவிட்டுப் படியுங்கள். இன்ன குலத்தில் பிறந்தவரின் கால் இவ்வளவுதான் நடக்கும் என்று அச்சடித்து வைத்த ஒரு எண், முப்பத்தைந்து ஆண்டுகளில் மூன்று முறை திருத்தப்பட்ட கதை இது. அந்த எண்ணுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களைக் கேட்டால், இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று உங்களுக்கும் தோன்றும்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நம் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்கள்தான் இதைக் கொண்டுவந்தார்கள். வாசிப்பு முடிந்ததும் நாலைந்து பேர் கலையாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். காட்டுக்குள் போகலாம், குகைக்குள் போகலாம், பேச்சுவார்த்தை நடத்தலாம், சண்டை போடலாம். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். சண்டை வந்துவிட்டால் கட்டம் போட்ட சார்ட் பேப்பர் விரிக்கப்படும். நாங்கள் பாட்டில் மூடிகள், எதிரிகள் புளியங்கொட்டைகள்.

அசல் புத்தகங்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. ஆனால் 2023 ஜனவரியில் இதன் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. தர்மச் சிந்தனையால் அல்ல. உரிம விதிகளை இறுக்கப் பார்த்தார்கள், விளையாடுகிறவர்கள் கொந்தளித்தார்கள், நிறுவனம் இறங்கி வந்தது. அப்படிக் கிடைத்ததைத்தான் நம் பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதை உருவாக்கியவர்கள் இருவர்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். முதல் பதிப்பு 1974. கைகாக்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூர்க்காரர். 1970-ல் இன்சூரன்ஸ் வேலை போனபின் வீட்டில் உட்கார்ந்து செருப்பு தைத்துப் பிழைத்தார். இதை ஒரு மாணவன் சொன்னபோது எங்கள் மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை. அவருக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் யாரும் துரத்தி வந்து "உன் தொழில் இது" என்று சொல்லப் போவதில்லை. எங்கள் மேசையில் இருந்தவர்களில் இருவருடைய தாத்தாக்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை.

இதன் வேர் போர் விளையாட்டில் இருக்கிறது. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க வரைபடத்தின் மேல் ஆடும் ஒரு விளையாட்டை முறைப்படுத்தினார். காலாட்படை இவ்வளவு தூரம், குதிரைப்படை இவ்வளவு தூரம் என்று அளவுகோல் வைத்து நகர்த்துவார்கள். அங்கே வேகம் என்பது படைவகையின் குணம். குதிரைக்கு ஒரு எண், பீரங்கிக்கு ஒரு எண். அதில் தப்பில்லை. 1971-ல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' அந்த மரபில் வந்த பொம்மைப்படை விளையாட்டு. மூன்று ஆண்டு கழித்து படை போய்த் தனி மனிதர் வந்தார். பெயர் உள்ள, ஆசை உள்ள, வரலாறு உள்ள தனி ஆள். ஆனால் வகைக்கு ஒரு எண் என்கிற பழக்கம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பீரங்கிக்கு இருந்த எண் இப்போது குலத்துக்கு.

விதியைச் சொல்வதற்கு முன் ஒரு மொழிச் சிக்கல். புத்தகத்தில் தூரம் அடிக்கணக்கில் இருக்கிறது. தமிழில் ஆடும்போது "இருபத்தைந்து அடி" என்றால் நடந்த தூரமா, வாங்கிய அடியா என்று குழப்பம். அதனால் தூரத்துக்குக் கட்டம், வாங்குவதற்கு மட்டும் அடி என்று பிரித்துக்கொண்டோம். ஒரு கட்டம் ஐந்து அடி.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி மனிதர்களுக்கு ஒரு முறைக்கு 30 அடி, அதாவது 6 கட்டம். எல்ஃபுக்கும் அதே; காட்டு எல்ஃபுக்கு மட்டும் 7. ட்வார்ஃப், ஹாஃப்லிங், நோம் ஆகிய மூன்று குட்டை இனத்தாருக்கும் 25 அடி, 5 கட்டம். சண்டையை விட்டு ஓடுவது மட்டுமே வேலை என்றால் இரண்டு மடங்கு ஓடலாம். சேறு, இடிபாடு, புதர் என்றால் ஒரு கட்டத்துக்கு இரண்டு கட்டம் செலவு. விழுந்தவர் எழுந்து நிற்பதற்கு அந்த முறையின் வேகத்தில் பாதி போய்விடும். எதிரியின் கைக்கு எட்டும் இடத்தில் நின்றுவிட்டு அங்கிருந்து வெளியேறினால் அவன் உங்களை ஒருமுறை இலவசமாக அடிக்கலாம். இதைப் பிள்ளைகள் 'ஓசி அடி' என்கிறார்கள். உள்ளே போகும்போது யாரும் அடிப்பதில்லை, வெளியேறும்போதுதான் அடி. அடி வாங்காமல் வெளியேற வேண்டுமென்றால் அந்த முறையில் வேறு எதையும் செய்யாமல், நழுவுவதை மட்டுமே செய்ய வேண்டும்.

ஒரு கட்ட வித்தியாசம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டேன். பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சார்ட் பேப்பரிலேயே கிடைத்தது.

சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை ட்வார்ஃபாக ஆடிக்கொண்டிருந்தாள். மற்ற மூவரும் மனிதர்கள். ஹாப்காப்ளின்கள் துரத்துகின்றன. அவற்றின் வேகமும் 6 கட்டம். நாலு பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், எதிரிகள் மூன்று கட்டம் பின்னால். கோட்டைக் கதவு 24 கட்டத்துக்கு அப்பால். எல்லோரும் ஓடுகிறார்கள்.

மனிதர்கள் 12 கட்டம் ஓடுகிறார்கள். எதிரியும் 12 ஓடுகிறான். இடைவெளி அதே மூன்று. அடுத்த முறையும் அப்படியே, கதவுக்குள் போய்விட்டார்கள். வழியில் ஒரு அடிகூட விழவில்லை. தங்கையின் ட்வார்ஃப் 10 கட்டம் ஓடுகிறாள். எதிரி 9-வது கட்டத்துக்கு வந்து பக்கத்தில் நிற்கிறான். ஓடிவந்ததிலேயே அவன் முறை தீர்ந்துவிட்டது, அவனால் அடிக்க முடியாது. ஆனால் அவள் மறுபடி ஓடத் தொடங்கியதும் அவன் கைக்கு எட்டும் இடத்தை விட்டு வெளியேறுகிறாள் அல்லவா? ஓசி அடி. தாங்கிக்கொண்டு 20-வது கட்டத்துக்குப் போகிறாள். அவனும் வந்துவிடுகிறான். மறுபடி கிளம்புகிறாள். மறுபடி ஓசி அடி. கதவுக்கு நாலு கட்டம் இருக்கும்போது விழுந்தாள். அந்தக் கதாபாத்திரம் அங்கேயே செத்தது.

ஒரே இடத்தில் தொடங்கினார்கள், ஒரே திசையில் ஓடினார்கள், யாரும் எந்த முறையையும் வீணாக்கவில்லை. மனிதர்களுக்கு அடி பூஜ்ஜியம், அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒன்று. ஆறில் ஒரு பங்கு வேகக் குறைவு ஆறில் ஒரு பங்கு ஆபத்தாக வரவில்லை. முழு ஆபத்தாக வந்தது. அவள் கோபப்படவில்லை. தாளை எடுத்து முதலிலிருந்து கட்டம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நான் எந்த இடத்துல தப்பா ஆடினேன்?" என்று கேட்டாள். எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். அவள் தப்பாக ஆடவே இல்லை.

கதை நடத்திய தம்பி, "அது ட்வார்ஃப்க்கா. கால் குட்டை. மெதுவாத்தான் போகும்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, புத்தகத்தில் இருப்பதைச் சொன்னான். தங்கை ஜெராக்ஸ் கட்டில் எதிரிகளின் பக்கத்தைப் புரட்டி, காப்ளினைக் காட்டினாள். காப்ளின் ட்வார்ஃபைவிடக் குட்டை. புத்தகமே அதைச் 'சிறிய' உடல் என்கிறது. ட்வார்ஃப் மனிதர்களைப் போல 'நடுத்தர' உடல். காப்ளினின் வேகம் 30 அடி. அடுத்து கோபால்ட். அதுவும் சிறியது. அதன் வேகமும் 30.

கால் குட்டை என்பதுதான் காரணம் என்றால் இவை எப்படி 30 அடி நடக்கின்றன? தம்பியிடம் பதில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. எண் முதலில் வந்தது, காரணம் அப்புறம் கண்டுபிடிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நான் இரண்டு வாரம் பழைய பதிப்புகளின் விதிகளைத் தேடிப் படித்தேன். (இந்த வலைப்பக்கத்தில் இரண்டு வாரம் எதுவும் வராததற்கு இதுதான் காரணம்.) 1974-ன் முதல் பதிப்பில் ட்வார்ஃபாக ஆடுபவர் 6-ம் படிநிலைக்கு மேல் வளர முடியாது, ஹாபிட் 4-க்கு மேல் முடியாது. மனிதருக்கு வரம்பே இல்லை. இந்தக் கூரை ஏதோ ஒரு வடிவில் 2000 வரை நீடித்தது. வேகத்தைப் பார்த்தால், 1989-ல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பில் மனிதருக்கு 12, எல்ஃபுக்கு 12. ட்வார்ஃப், ஹாஃப்லிங், நோம் மூவருக்கும் 6. சரிபாதி. 2000-ல் மூன்றாம் பதிப்பில் மனிதருக்கு 30 அடி, இவர்களுக்கு 20. மூன்றில் இரண்டு பங்கு. 2008-ல் நான்காம் பதிப்பு நேராகக் கட்டத்திலேயே எண்ணியது: மனிதருக்கு 6, ட்வார்ஃபுக்கு 5. அந்தப் பதிப்பில் ஹாஃப்லிங்குக்கு 6 கொடுத்துவிட்டார்கள், முழுச் சமம். யாருடைய கதையும் கெட்டுப்போகவில்லை. ஆனால் 2014-ல் அதைப் பிடுங்கி மறுபடி 25 அடியில் வைத்தார்கள். கடைசியாக 2024-ன் திருத்திய பதிப்பில் ட்வார்ஃப், ஹாஃப்லிங், நோம் எல்லோருக்கும் 30.

பாதி, மூன்றில் இரண்டு, ஆறில் ஐந்து, சமம். நேர்கோட்டில் ஏறியதுபோலத் தெரிகிறது, இல்லையா? இல்லை. 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த 'பேசிக்' பெட்டியும் அதனுடன் வந்த 'எக்ஸ்பர்ட்' பெட்டியும் அதே நிறுவனம் விற்றவைதான். அதில் எல்லோருக்கும் ஒரே வேகம், 120 அடி. ட்வார்ஃபுக்கும் 120, மனிதருக்கும் 120. குறைவது எதனால் என்றால் சுமையால். தோல் கவசம் போட்டால் 90, இரும்புக் கவசம் போட்டால் 60, அதற்கு மேல் புதையலையும் தூக்கிக்கொண்டால் 30. (அதே பெட்டியிலும் ட்வார்ஃபின் வளர்ச்சிக்கு வரம்பு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) நீ யாருக்குப் பிறந்தாய் என்று கேட்காமல், எவ்வளவு தூக்கிக்கொண்டு போகிறாய் என்று மட்டும் கேட்கும் விதி கைகாக்ஸின் சொந்தக் கம்பெனியிலேயே விற்பனையில் இருந்தது. பிள்ளைகள் வாங்கி ஆடினார்கள். அது தெரிந்திருந்தும் எட்டு ஆண்டு கழித்து வந்த இரண்டாம் பதிப்பு 12-க்கு 6 என்று எழுதிக்கொண்டது. "அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை" என்ற சமாதானம் இங்கே செல்லாது. தோன்றியது, அச்சில் இருந்தது, விற்றது.

சுமை என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். என்னை உண்மையில் உறுத்தியது வேகக் குறைவைவிட இதுதான். 2014 விதியில் வலு குறைந்தவர் கனமான இரும்புக் கவசம் போட்டால் வேகத்தில் 10 அடி போய்விடும். ட்வார்ஃபுக்கு மட்டும் போகாது. அவர் எவ்வளவு கனமான கவசம் போட்டாலும் அதே 25 அடி. இது அவருக்குச் சலுகையாம். மெதுவாக நடக்கப் பிறந்தவர், ஆனால் பாரம் சுமந்தால் சோர மாட்டார். "அவங்க எவ்வளவு வேலை செஞ்சாலும் அலுக்க மாட்டாங்க, உடம்பு அப்படி" என்ற வாசகத்தைக் களத்து மேட்டில், சூளையில், கட்டட வேலையில் நம் அம்மாக்களைப் பார்த்துச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சொல்கிறவர்கள் அதைப் பாராட்டாகவே நினைத்துச் சொல்வார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ட்வார்ஃப் தலித் அல்ல. காப்ளினும் அல்ல. இந்த மாதிரி ஒப்பீட்டைச் சில மாணவர்கள் உற்சாகமாகத் தொடங்குகிறார்கள்; எனக்கு அது பிடிக்கவில்லை. கற்பனை நாட்டில் ட்வார்ஃப்களுக்கு மலைக்கோட்டையும் தங்கச் சுரங்கமும் அரச வம்சமும் இருக்கின்றன. கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக 1924-ல் வைக்கத்தில் அடி வாங்கியவர்களின் வலியை ஒரு பாட்டில் மூடியின் மேல் ஏற்றிவைக்க வேண்டாம். நான் பேசுவது ட்வார்ஃபைப் பற்றி அல்ல, விதி எழுதியவரைப் பற்றி. நெருப்பை வாயால் கக்கும் டிராகனை எழுதுகிறார். அது பறப்பதற்கு இறக்கையின் பரப்பளவு போதுமா என்று கணக்குப் பார்ப்பதில்லை. மந்திரவாதி விரலைச் சொடுக்கிக் காணாமல் போய் 30 அடி தள்ளித் தோன்றுகிறார். அதற்கு இயற்பியல் கேட்பதில்லை. குட்டைக் கால்காரரிடம் வரும்போது மட்டும் "யதார்த்தம் என்று ஒன்று இருக்கிறதே" என்கிறார். கற்பனைக்கு எல்லையே இல்லாத ஒரு உலகத்தில் யதார்த்தத்தை எந்த இடத்தில் கட்டாயம் என்று வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

பெயர் மாற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு இந்த விளையாட்டில் இவற்றை 'ரேஸ்' என்றார்கள். 2022 டிசம்பரில் அந்தச் சொல்லைக் கைவிட்டு 'ஸ்பீஷீஸ்' என்று மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. இணையத்தில் பெரிய சண்டை. எனக்கு அந்தச் சண்டையில் அவ்வளவு ஆர்வம் இல்லை. போட்டி விளையாட்டான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு 2019-லேயே 'ரேஸ்' என்பதை எடுத்துவிட்டு வம்சாவளி என்று பொருள்படும் 'ஆன்செஸ்ட்ரி' என்ற சொல்லைப் போட்டுவிட்டது. அதில் மனிதருக்கு 25 அடி, எல்ஃபுக்கு 30, ட்வார்ஃபுக்கு 20. சொல் முற்போக்கு, எண் அப்படியே. பெயரை மாற்றிவிட்டு எண்ணை விட்டுவைக்கும் வித்தையை நாம் நிறையப் பார்த்தவர்கள். எனக்குப் புத்தகத்தைத் திறந்ததும் முதலில் வேகப் பட்டியலைக் காட்டுங்கள், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

2024 திருத்தம் முழுமையானதும் இல்லை. காட்டு எல்ஃபுக்கும், ராட்சத வம்சத்து கோலியத்துக்கும் இன்னமும் 35 அடி. தரையை உயர்த்தினார்கள், கூரையைத் தொடவில்லை. எனக்கு அது போதும். ஒருவர் கூடுதலாக நடப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை; ஒருவர் குறைவாக நடந்தே தீர வேண்டும் என்பதில்தான் பிரச்சினை. அதே பதிப்பு, உடல்வலு, அறிவு போன்ற மதிப்பெண்களை இனத்திலிருந்து எடுத்து 'பின்னணி'க்கு மாற்றியது. அங்கே விவசாயப் பின்னணிக்காரருக்கு வலு, உடல்திறன், விவேகம் கூடும், அறிவுக்கு இடமில்லை. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும், விடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே வேகம் கொடுத்தால் சுவாரசியம் போய்விடும் என்ற புலம்பலும் இருக்கிறது. இதை நேர்மையாகவே எடுத்துக்கொள்கிறேன், எங்கள் மேசையிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். ஆனால் 2024-ன் ட்வார்ஃபைப் பாருங்கள். விஷம் எளிதில் ஏறாது, இருட்டில் 120 அடி தூரம் கண் தெரியும், கல் தரையில் நின்றால் 60 அடிக்குள் யார் நடந்தாலும் காலால் உணர்வார். வித்தியாசம் இல்லை என்று யார் சொன்னது? ஒருவருக்கு என்ன தெரியும், எதை உணர்வார் என்பதில் ஆயிரம் வித்தியாசம் வைக்கலாம். தப்பி ஓட முடியுமா முடியாதா என்பதில்தான் வித்தியாசம் வைத்தால் சுவாரசியம் வரும் என்றால், அது யாருடைய சுவாரசியம்?

தங்கை அடுத்த வாரம் புதுக் கதாபாத்திரம் எழுதி வந்தாள். மறுபடியும் ட்வார்ஃப். இந்த முறை போர்வீரர். சங்கிலிக் கவசம், கேடயம், தற்காப்பு எண் 18. வந்து உட்கார்ந்ததும் ஓசி அடி விதியை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். ஒரு எதிரி ஒரு சுற்றில் ஒரே ஒருமுறைதான் ஓசி அடி அடிக்க முடியும். அடித்துவிட்டால் அவன் முறை மறுபடி வரும்வரை அவன் பக்கத்திலிருந்து யார் வேண்டுமானாலும் சும்மா நடந்து வெளியேறலாம். அப்படியானால் முதலில் வெளியேறுகிறவர் யார் என்பதுதான் கேள்வி. ஹாப்காப்ளின் அடிக்கும்போது பகடையில் விழுந்த எண்ணோடு 3 கூட்டுவான். கவசம் இல்லாத, தற்காப்பு 12 உள்ள மந்திரவாதி முதலில் கிளம்பினால் அவன் 9 போட்டாலே அடி விழும். நூற்றுக்கு 60 வாய்ப்பு. இவள் முதலில் கிளம்பினால் அவன் 15 போட வேண்டும்; நூற்றுக்கு 30. "வரிசை அமைஞ்சா நான் முதல்ல போறேன். அவனுங்க ஓசி அடியை என்மேல செலவு பண்ணட்டும். அப்புறம் நீங்க நடந்து வாங்க, ஓட வேண்டாம்" என்றாள்.

அன்றைக்கு அவர்கள் மூன்று ஹாப்காப்ளின்களிடமிருந்து விலகி வந்த விதம் ஒரு ஊர்வலம் போல இருந்தது. அவள் ஐந்து கட்டம் நகர்ந்தாள். ஆறு நகர முடிந்தவர்களும் ஐந்தே நகர்ந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய பதிப்புகளில் சண்டை இல்லாத நேரத்துக்கு இப்படி ஒரு விதியே இருந்தது: குழுவில் யார் மெதுவோ அவருடைய வேகமே குழுவின் வேகம். சண்டை தொடங்கினதும் அந்த விதி ரத்தாகி, அவரவர் கால் அவரவருக்கு என்று ஆகிவிடும். நம் பேரணிகளில் வயதான அம்மாக்களையும் குழந்தை தூக்கியவர்களையும் முன்வரிசையில் வைப்பது எதற்கு என்று புதிதாக வரும் தம்பிகள் கேட்பார்கள். போலீஸ் தடியோடு நிற்கும்போது அவர்களை முன்னால் விடலாமா என்று கோபமாகவும் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி, அதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் பதில் இல்லை. ஆனால் வேகம் யாருடையது என்பதைத் தடி ஓங்கிய பிறகு முடிவு செய்ய முடியாது.

2024 விதிகளின் அடிப்படைப் பகுதியும் 2025-ல் கிரியேட்டிவ் காமன்ஸில் வந்துவிட்டது. ட்வார்ஃப் 30 அடி என்பது இப்போது ஜெராக்ஸ் விலைக்கே கிடைக்கிறது. நம் மேசையும் மாறலாமா என்று போன வாரம் ஓட்டெடுப்பு வைத்தோம். நான்கு பேர் ஆதரவு. ஒரே ஒரு எதிர்ப்பு, தங்கையுடையது.

"25 இருந்ததாலதான் இவங்க எல்லாம் நின்னு யோசிச்சாங்க. 30 ஆக்கிட்டா மறுபடி அவனவன் ஓடுவான்" என்றாள்.

"அவங்க யோசிக்கணும்னு நீ மெதுவா நடக்கணுமா?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்லணும் அண்ணா, புத்தகம் சொல்லக் கூடாது" என்றாள். பிறகு, "சரி, தாள்ல 30 போட்டுக்கிறேன். எத்தனை நடக்கறதுன்னு நான் பார்த்துக்கிறேன்" என்று அழித்து எழுதினாள். கதை நடத்தும் தம்பி காப்ளின் பக்கத்தில் இருந்த எண்ணையும் மாற்றட்டுமா என்று கேட்டான். காப்ளின் என்ன பாவம் செய்தது, இருக்கட்டும் என்றோம்.

அடுத்த ஞாயிறு ஓநாய்கள் வருகின்றனவாம். அவற்றுக்கு 40 அடி, 8 கட்டம். எங்களில் யாராலும் ஓடித் தப்ப முடியாது. புதிதாக இரண்டு பேர் சேருகிறார்கள், பாட்டில் மூடி குறைவாக இருக்கிறது. வருகிறவர்கள் கையோடு நாலைந்து கொண்டுவாருங்கள். வாசிப்பு வழக்கம்போல மூன்று மணிக்கு, விளையாட்டு அதற்குப் பிறகுதான்.